காதுக்குள் நகர்ந்த கல்

“…எட்டு மாசம் நான் சொன்னது கள்ளம். அந்த டாக்டர் பிள்ளை பத்து நிமிஷத்துல சொன்னது வேதம். அப்படித்தானே ஏட்டி?”

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டார். அவர் தலையைத் தாங்குவதற்காக நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தோம். வீட்டில் மூன்று நாள் செய்யும்படி ஒரு பயிற்சி சொல்லித்தந்திருந்தார்கள். தலையை வலது பக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்ந்து, தலை கொஞ்சம் கீழே தொங்குகிற மாதிரிக் கிடக்க வேண்டும். யாராவது தலையைப் பிடித்துக்கொண்டால் பயமில்லாமல் சாயலாம் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கையை நீட்டியது அதற்காக. நீட்டின கையைப் பார்த்ததும் அவருக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது.

நான் தையல்காரி. ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிச்சமெல்லாம் பேசியும் கேட்டும், பொட்டலம் கட்டி வந்த பேப்பரை வாசித்தும் தெரிந்துகொண்டதுதான். அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க மாட்டார்கள். யாராவது ஒரு பேச்சை அழகாகச் சொல்லிவிட்டால் அதையும் அளவு நோட்டின் ஓரத்தில் எழுதிவைப்பேன். இடுப்புச் சுற்றளவுக்குப் பக்கத்திலேயே ஊரார் பேச்சும் கிடக்கும். அப்படிப்பட்ட நான்தான் கட்டினவர் சொன்ன இரண்டு வார்த்தையை எட்டு மாதம் காதில் வாங்கவில்லை. “வீடு கறங்குது” என்பது அந்த வார்த்தை. கறங்குவது என்றால் எங்கள் பக்கத்தில் சுற்றுவது.

முதலில் அதை ஒரு விடியற்காலையில் சொன்னார். வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தவர் திடீரென்று கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“ஏட்டி, பிடி. வீடு கறங்குது.”

“வீடு எங்க கறங்குது? நீங்கதான் கறங்குதிய.”

“எழும்ப முடியல்ல. ஒருக்கா பிடி.”

நான் பிடிக்கவில்லை. குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தேன்.

ஏன் மோந்து பார்த்தேன் என்றால் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அவர் பெயிண்டர். கல்யாணமான புதிதில் நல்ல குடி. பெயிண்டர்மார் உடம்பில் எப்போதும் தின்னர் வாடை இருக்கும். கையில் பிடித்த பெயின்டைக் கழுவத் தின்னர்தான் வேண்டும். அந்தக் காலத்தில் அது அவருக்குப் பெரிய சகாயம். குடித்த நாளில் சட்டைக் கையிலும் கழுத்திலும் கொஞ்சம் தின்னரைத் தடவிக்கொண்டு வருவார். “மோந்து பாரு, தின்னராக்கும்” என்று அவரே மூக்கின் பக்கத்தில் கையைக் கொண்டுவருவார். நானும் தின்னர் என்று நம்பிச் சோறு போட்டிருக்கிறேன். அந்த வித்தை எனக்குப் பிடிபட ஆறு வருஷம் ஆயிற்று.

பிறகு நிறுத்தினார். அதையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, நான் இன்ன மாதிரி இருந்தேன், இனித் தொட மாட்டேன் என்று சாட்சி சொன்னார். எங்கள் சபையில் சாட்சி சொல்வது வழக்கம். சொன்னவனை அன்றையிலிருந்து சபை மொத்தமும் சேர்ந்து கண்காணிப்பதும் வழக்கம். அவர் சொன்னபடி இருந்தார். சில வருஷம் கழித்துக் காணிக்கைப் பையை அவர் கையில் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, வரிசை வரிசையாகப் பையை நீட்டிக்கொண்டு அவர் நடக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்ப்பேன். நகத்தில் மட்டும் பெயின்ட் இருக்கும். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அன்று விடியற்காலையில் வாயில் ஒன்றும் நாறவில்லை. தின்னர் வாடைதான் அடித்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வேறொருத்தி என்றால் வாடை இல்லை, குடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். தின்னர் வாடையில் ஆறு வருஷம் ஏமாந்தவள் அப்படி நினைப்பாளா? சாராயம் மணத்திருந்தால்கூட இவ்வளவு சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு நிமிஷத்தில் அது நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தார், முகம் கழுவினார், வேலைக்குப் போனார். நோய் என்றால் இப்படியா வந்தவுடன் போகும் என்று எனக்குள்ளே ஒரு வக்கீல் பேச ஆரம்பித்தான்.

அடுத்து வில்லுக்குறிப் பக்கத்தில், வளைகுடாவில் இருக்கிற ஒருவர் கட்டிய வீட்டில் உட்கூரைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. அண்ணாந்து பார்த்து ரோலரை உருட்டியவர் சாரத்துக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே நின்ற காண்ட்ராக்டர் அவரைவிட இருபது வயது இளையவன். “அண்ணே, வீட்டுல போய்ப் படுங்க. எறங்கின பொறவு வாங்க” என்றானாம். ‘எறங்கின பொறவு’ என்றால் சாரத்திலிருந்து இறங்குவது இல்லை. என் வீட்டுக்காரர் அதை வந்து என்னிடம் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அன்று நான், “அவனுக்கும் தெரிஞ்சு போச்சா” என்றேன்.

கிளினிக்குக்கும் போனார். பிரஷர் பார்த்தார்கள், சுகர் பார்த்தார்கள், கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றும் கறங்கியது. மாத்திரையோடு சேர்த்து வேறு எதையோ குடிக்கிறார் என்று நான் நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குள், ஓட்டுச் சந்தில் எல்லாம் தேடினேன். ஒரு குப்பியும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கும் அவருடைய சாமர்த்தியத்தைத்தான் காரணமாக வைத்தேன்.

மூன்றாவது மாதம் திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு வரிசையாக இருப்போம். அப்பம் தரும்போது தலை குனிந்திருக்க வேண்டும். பிறகு போதகர் பாத்திரத்தை வாயருகே கொண்டுவருவார். நாமும் அதன் அடியைத் தாங்கிக்கொண்டு, அண்ணாந்து ஒரு மடக்குத் திராட்சை ரசம் குடிப்போம். குனிந்த தலை சட்டென்று பின்னால் சாய வேண்டும். அவருடைய காதுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அண்ணாந்தார். அடுத்த நொடியில் பாத்திரத்தை இரண்டு கையாலும் வெடுக்கென்று பிடித்தார். விழப்போகிறவன் எதையாவது பிடிப்பானே, அந்தப் பிடி. ரசம் போதகரின் வெள்ளை அங்கியில் கொட்டியது, பீடத்து விரிப்பில் கொட்டியது, என் வீட்டுக்காரரின் சட்டையெல்லாம் சிவந்தது. அவர் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் மேல் சாய்ந்தார். பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

“பாத்திரத்தப் பறிச்சுக் குடிக்கப் பாத்தாராம்லா.”

“பதின்மூணு வருஷம் அடக்கி வச்சதாக்கும். மாசாமாசம் அந்த ரசத்துக்க ருசி பழையத இழுத்திருக்கும், பாவம்.”

“காலையிலயே போட்டுட்டு வந்திருக்காரு. அந்த நடையப் பாத்தியளா?”

அந்த ‘பாவம்’ என்ற வார்த்தைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

“ஊதுங்க” என்றேன்.

“என்னது?”

“எனக்க முகத்துல ஊதுங்க.”

ரசம் காய்ந்த சட்டையோடு நின்றார். “ஊதினா நம்புவியா?”

“ஊதுங்க, பாப்போம்.”

ஊதினார். திராட்சை மணத்தது. நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை விதவிதமாக யோசித்துப் பார்க்கிறேன். சொன்னது இதுதான்: “கோயில் ரசமா, வேறயான்னு யாரு கண்டா?”

அதற்குப் பிறகு அவர் வீடு கறங்குகிறது என்று என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். கறங்கும்போது அலமாரியைப் பிடிப்பார், சுவரைப் பிடிப்பார், என்னைப் பிடிக்க மாட்டார். படுத்தால் வரும் என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகினார். தலையைத் திருப்பினால் வரும் என்று யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தமாகத் திரும்புவார். “இவ்வளவும் பண்ணிட்டு ஒரு கெத்தப் பாரு” என்றார்கள் தெருவில். நாற்காலியில் தூங்குவதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். செய்த தப்புக்கு என் பக்கத்தில் படுக்கக் கூசுகிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த எழுத்துக்கு மரியாதை இல்லை.

சபையின் வாட்ஸ்ஆப் குழுவில் பார்த்துவிட்டு மகன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். “அம்மா, அப்பா மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?” என்றான். அவர் பக்கத்தில்தான் இருந்தார். போனைக் கையில் கொடுத்திருக்கலாம். “நீ வேலையப் பாரு மக்கா” என்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

காணிக்கைப் பையை வேறொருவர் கைக்கு மாற்றினார்கள். மாற்றியதோடு விடவில்லை. சபைக் கமிட்டிச் செயலாளர் அக்கறையுள்ள மனிதர். ஒரு சாயந்திரம் ஜெபக் கூட்டம் நடத்துகிற ஊழியக்காரர் ஒருவரையும் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தார். ஊழியக்காரர் என் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தி, நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னால் அழுத்தி, குடியின் ஆவியே புறப்படு என்று சத்தம் போட்டார். தலை பின்னால் போனால் என்ன ஆகும்? அடியோடு சாய்ந்து விழுந்தார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஒரு பெண் அழுதாள். ஆவி போய்விட்டது என்று செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தரையில் கிடந்தபடியே என் வீட்டுக்காரர், “ஆவியுமில்ல கீவியுமில்ல. தலையப் பைய பிடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டேன்” என்றார்.

“புறப்படும்போது அப்படித்தான் பேசும்” என்றார் ஊழியக்காரர்.

வந்தவர்களுக்கு நான் காப்பி போட்டேன்.

எட்டாவது மாதம் குளச்சலிலிருந்து ஒரு பெண் நாலு ஜாக்கெட் தைக்கக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் துணி வியாபாரம். அளவெடுக்கும்போது உள்ளறையில் என் வீட்டுக்காரர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, அண்ணனுக்குத் தலை சுத்துதா? எங்க உம்மாவுக்கும் இதே நிப்பு. காதுல கல்லு நகந்துட்டுன்னு காது டாக்டர் சொன்னாரு. இப்போ ஓடி நடக்காவ.”

“காதுல கல்லா?”

“நானும் சிரிச்சேன் அக்கா. உம்மா சொன்னாவ, தரை மட்டும் வள்ளத்துல ஏறிட்டு, நான் கரையில நிக்கேன்னு.”

வள்ளம் என்றால் படகு. அழகான பேச்சு என்று பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்தில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அவள் சொன்னது என் வீட்டுக்காரரைப் பற்றி என்பது உறைத்தது. யாரோ ஒருத்தியின் உம்மா சொன்னதை நோட்டில் எழுதுகிறேன். இவர் அதையேதான் சொன்னார், அவரை ஊதச் சொன்னேன்.

மறுநாளே நாகர்கோவிலுக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். என் மகன் வயதுதான் இருக்கும்.

“என்ன வேலை பாக்கிறீங்க?”

“பெயிண்டர்.”

“மேல பாத்து அடிக்கும்போது சுத்துமா?”

“சுத்தும்.”

“வலது பக்கம் திரும்பிப் படுத்தா?”

“அப்பத்தான் கூடுதல்.”

“ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுருமா?”

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்விகள். நான் அவரிடம் கேட்டது எல்லாம் ஒரே கேள்விதான்.

டாக்டர் அவரை மேசையில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, ஒரே மூச்சில் பின்னால் சாய்த்தார். தலை மேசைக்கு வெளியே டாக்டரின் கையில் கிடந்தது. “கண்ணை மூடாதீங்க” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “அம்மா, இங்க வந்து இவர் கண்ணைப் பாருங்க.”

இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கண்மணிகள் துடிக்கத் தொடங்கின. மேல்நோக்கிச் சுழன்று சுழன்று வெட்டி இழுத்தன. நடிக்க நினைத்தாலும் யாராலும் அப்படி ஆட்ட முடியாது. அவர் மேசைக் கம்பியை இறுக்கிக்கொண்டு கிடந்தார். அரை நிமிஷம் போயிருக்கும், ஆட்டம் தணிந்து நின்றது. விடியற்காலையில் கட்டிலில் நான் அவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் குனிந்தேனே, அன்றும் அந்தக் கண் இப்படித்தான் துடித்திருக்கும். வாயை மோந்து பார்த்தவள் கண்ணைப் பார்க்கவில்லை.

டாக்டர் விளக்கினார். “காது கேக்கிறதுக்கு மட்டும் இல்ல. உள்காதுல அரைவட்டமா மூணு சின்னக் குழாய் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு திசையில. உள்ள தண்ணி மாதிரி ஒண்ணு. தலை திரும்பினா அந்தத் தண்ணி கொஞ்சம் பிந்தி நகரும், அங்க இருக்கிற மெல்லிய முடிகளை வளைக்கும். அத வச்சுத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்குத் தெரியும்.”

“கொத்தனாருக்க ரசமட்டம் மாதிரி” என்றார் என் வீட்டுக்காரர். “உள்ள குமிழி ஓடுமே.”

“கிட்டத்தட்ட அதேதான். பக்கத்துல ஒரு சின்னப் பை. அதுல பசை மாதிரி ஒரு மெத்தை, மெத்தை மேல பொடிப் பொடியா சுண்ணாம்புக் கல். நிமிந்து இருக்கோமா சாஞ்சு இருக்கோமான்னு அந்தக் கல்லோட கனம்தான் சொல்லும். உங்களுக்கு அதுல கொஞ்சம் பேந்து குழாய்க்குள்ள விழுந்திருக்கு. நீங்க தலையைச் சாய்ச்சு நிறுத்தின பிறகும் அது உருண்டு தண்ணியை இழுக்குது. தலை இன்னும் சுத்துதுன்னு அந்தக் காது மூளைக்குச் சொல்லுது. மத்த காது இல்லைன்னு சொல்லுது. மூளை என்ன பண்ணும்?”

“இருபத்தஞ்சு வருஷம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சவனுக்குக் காதுக்குள்ளயும் சுண்ணாம்பா டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் தமாஷ் அது. அதை டாக்டரிடம்தான் சொன்னார்.

பிறகு டாக்டர் அந்தத் தலையை மெதுவாக இடது பக்கம் உருட்டி, கொஞ்ச நேரம் வைத்து, உடம்பை ஒருக்களித்துத் திருப்பி, எழுப்பி உட்காரவைத்தார். கல் வந்த வழியே பைக்குத் திரும்பிப் போகிறதாம். மருந்தில்லை, ஊசியில்லை. “மறுபடியும் ஒருக்கா சாயட்டா டாக்டர்?” என்று அவரே கேட்டுச் சாய்ந்து பார்த்தார். கண் சும்மா இருந்தது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். முழுசாக அடங்க மூன்று நாள் வீட்டிலும் செய்ய வேண்டும், கொஞ்ச நாள் சாரம் ஏறக் கூடாது, திரும்ப வந்தாலும் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். தலையைப் பிடிக்கிற விதத்தை என் கையை எடுத்துவைத்தே சொல்லித்தந்தார்.

பஸ்ஸில் நான் சும்மா வந்திருக்கலாம். பேசாமல் இருக்கத் தெரியாதவள். சபைக் கமிட்டிச் செயலாளருக்குப் போன் போட்டு, காதில் கல் நகர்ந்த கதையைப் பக்கத்துச் சீட்டுக்காரர்களும் கேட்கும்படி சொன்னேன். மறுமுனையில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். “ஸ்தோத்திரம். அன்னைக்கு நாம வந்து ஜெபம் பண்ணினோம்லா, அதுக்குப் பலன் பாத்தியளா. குடிய விட்டதும் எல்லாம் சரியாவுது” என்றார். குடிக்கவே இல்லை என்று நான் சொன்னேன். “இனி அதெல்லாம் எதுக்கு, விடுங்க. பையப் பிடிக்க ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்” என்றார். போன் சத்தமாகத்தான் கேட்கும். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் இறங்க வேண்டிய திங்கள்சந்தை வரைக்கும் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் பின்னால் போய் நின்று கையை நீட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னது கள்ளம், டாக்டர் சொன்னது வேதம், அப்படித்தானே என்று.

“தப்புதான்” என்றேன். “நான் அன்னைக்கே பிடிச்சிருக்கணும்.”

கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நீட்டியபடியே நின்றேன். பிடிக்க ஆள் இல்லாதவர்கள் தோளுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார். தலையணையை இழுத்துக் கட்டிலின் நடுவில் போட்டார். “கொஞ்சம் தள்ளி நில்லு, கை தட்டும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது மாதிரிச் சொன்னார். நான் சுவரோரமாகத் தள்ளி நின்றேன். தலையை வலது பக்கம் திருப்பி, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனியாகவே பின்னால் சாய்ந்தார். தலை தொங்கியது. கண்ணைத் திறந்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இறுக்கி மூடிக்கொண்டார்.